பித்தம் போகும் பாதை

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆன ஒருவரை எடுத்துக்கொள்வோம். நன்றாகச் சாப்பிடுகிறார், காலையில் நடைப்பயிற்சி போகிறார். வயிற்றில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், ஜி.ஜி.டி. என்ற இரண்டு நொதிகளின் அளவு மட்டும் சென்ற மாதத்தைவிட ஏறியிருக்கிறது. இதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. உடல் புதிய கல்லீரலை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும். அல்லது கல்லீரலிலிருந்து பித்தம் வெளியேறும் குழாய் எங்கோ குறுகத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் அதே மருந்தைக் கூட்டுவது ஆபத்து. தேங்கிய பித்தத்தில் கிருமி வளரும். உடலின் காவல் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் அது ரத்தத்தில் கலக்கவும் அதிக நேரம் ஆகாது.

ஒரே அறிக்கைக்கு நேரெதிரான இரண்டு சிகிச்சைகள். எது சரி என்று கண்டுபிடிப்பது மாற்றுக் கல்லீரல் மருத்துவத்தின் அன்றாட வேலை. இந்த அத்தியாயம் இரண்டாவது காரணத்தைப் பற்றியது. இறந்தவரிடமிருந்து கல்லீரல் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குப் பித்தநாளத்தில் ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. உயிருடன் இருப்பவர் தானமாகக் கொடுத்த பாதிக் கல்லீரலைப் பெற்றவர்களில் இது பதினைந்து முதல் முப்பது வரை போகிறது. முன்பெல்லாம் இதற்கு வயிற்றை மறுபடியும் திறப்பதே வழி. இன்று இவர்களில் பெரும்பாலோர் வாய்வழியாகச் செலுத்தும் எண்டோஸ்கோப்பினாலேயே குணமடைகிறார்கள். ஆனால் அந்தக் குணம் ஒரே நாளில் வருவதில்லை. பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேல், குறித்த தேதியில் திரும்பத் திரும்ப வந்து செய்துகொள்ள வேண்டிய சிகிச்சை இது.

ஏன் இந்தக் குழாய்?

கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் தொடங்கும் பித்தம், கிளைகள் ஒன்றுசேர்ந்து, கல்லீரலின் வாயிலில் வலம், இடம் என்று இரண்டு நாளங்களாகி, பிறகு ஒரே பொதுப் பித்தநாளமாகக் கீழே இறங்குகிறது. கணையத்தின் தலைப்பகுதியைக் கடந்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் ஒரு சிறு முகட்டின் வழியே திறக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த முகட்டை விவரித்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஆபிரகாம் வாட்டரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அங்கே ஒரு சுருக்குத்தசை காவல் நிற்கிறது. 1887-ல் அதை ஆராய்ந்து எழுதிய இத்தாலியரான ருக்கேரோ ஓடியின் பெயரில் அதை ஓடி தசை என்கிறோம்.

கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை ஏறக்குறைய முக்கால் பங்கைக் கொண்டுவருகிறது. மீதியைக் கல்லீரல் தமனி தருகிறது. கல்லீரல் செல்கள் இரண்டிலிருந்தும் வாழ்கின்றன. ஒன்று குறைந்தாலும் மற்றொன்றை வைத்து ஓரளவு சமாளித்துக்கொள்கின்றன. பித்தநாளத்துக்கு அந்த வசதி இல்லை. அது தமனி ரத்தத்தை மட்டுமே நம்பியிருக்கிறது.

அந்தத் தமனி ரத்தமும் பித்தநாளத்துக்கு இரு திசையிலிருந்து வருகிறது. நாளத்தின் இரு ஓரங்களிலும் மெல்லிய இரண்டு தமனிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. 1979-ல் நார்த்தோவர், டெர்பிளாஞ்ச் என்ற இரு அறுவை மருத்துவர்கள் இதை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ அறுபது சதவீத ரத்தம் கீழே, குடல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி வருகிறது. மேலே, கல்லீரல் பக்கத்திலிருந்து இறங்கி வருவது நாற்பது சதவீதத்துக்கும் குறைவு. தானம் கொடுப்பவரின் உடலிலிருந்து கல்லீரலை எடுக்கும்போது பித்தநாளத்தை வெட்டியாக வேண்டும். வெட்டிய கணத்தில் கீழிருந்து வந்த பெரும் பங்கு நின்றுபோகிறது. மேலிருந்து கசிந்து வரும் சிறு பங்கு மட்டுமே மிச்சம். வெட்டுமுனை அந்த ஓட்டத்தின் கடைமடை. மேல்மடைக்குத் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை நிலம்தான் என்பது டெல்டா விவசாயி ஒவ்வொருவருக்கும் தெரியும். தையல் விழுவதோ சரியாக அந்த இடத்தில்.

அதனால்தான் மாற்று அறுவை சிகிச்சையில் தேர்ந்த கைகள் தானக் கல்லீரலின் நாளத்தை நீளமாக விடுவதில்லை. வெட்டிய விளிம்பில் சிவப்பு ரத்தம் துளிர்க்கிறதா என்று பார்த்து, துளிர்க்கும் இடம்வரை குறைத்து வெட்டுகிறார்கள். நாளத்தைச் சுற்றியுள்ள மெல்லிய திசுவை உரிக்காமல் காக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு வெட்டுமுனை போதிய ரத்தம் பெறாமல் நலிகிறது. நலிந்த திசு ஆறும்போது தழும்பாகிறது. தழும்பு எப்போதும் சுருங்கும்.

உயிருடன் இருப்பவர் தரும் கல்லீரலில் இன்னொரு கடினமும் சேர்கிறது. இறந்தவரிடமிருந்து முழுக் கல்லீரல் வரும்போது பொதுப் பித்தநாளம் ஒன்றுதான், அகலமும் போதுமானது. உயிருள்ளவர் வலப் பாதியைக் கொடுக்கும்போது, அவருக்கே வேண்டிய பொதுநாளத்தைத் தொட முடியாது. அதற்கும் மேலே, கிளைகள் பிரியும் இடத்தில் வெட்ட வேண்டும். அங்கே நாளங்கள் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். வலப் பாதியின் முன்கிளையும் பின்கிளையும் தனித்தனியே சேரும் அமைப்பு பலருக்கு உண்டு. அவர்களிடம் வெட்டினால் இரண்டு வாய்கள், சில சமயம் மூன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே தைத்தாக வேண்டும். அடுத்த சில வாரங்களில் அந்தப் பாதிக் கல்லீரல் வேகமாக வளர்ந்து பெருக்கும். அப்படி வளர்கையில் சற்றே திரும்புவதால், நேராகத் தைத்த நாளம் கூர்மையாக வளைந்துவிடுவதும் உண்டு.

இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பான்மை உயிருள்ளவர் தரும் வகைதான். கணவனுக்கு மனைவி, தந்தைக்கு மகன், குழந்தைக்குத் தாய் என்று குடும்பத்துக்குள்ளேயே தானம் நடக்கிறது. 1998-ல் டெல்லியில் நாட்டின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தபோது, பெற்றுக்கொண்டது காஞ்சிபுரத்துக் குழந்தை; கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அதன் தந்தை. ஆகவே பித்தநாளச் சிக்கலைப் பற்றிய அறிவு மேலைநாடுகளைவிட நமக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

அறுவைக் கத்தியிலிருந்து எண்டோஸ்கோப்புக்கு

1963 மார்ச் 1-ம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் மனிதருக்கான முதல் கல்லீரல் மாற்றைச் செய்தார். பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்த மூன்று வயதுச் சிறுவன் அறுவை மேசையிலேயே ரத்தப்போக்கில் இறந்துபோனான். ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்த முதல் நோயாளியைப் பார்க்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1968-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கேன் தொடங்கினார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் ரத்தப்போக்கையும் நிராகரிப்பையும் தாண்டி வந்தவர்களில் பலரைப் பித்தக் கசிவும் அதைத் தொடர்ந்த கிருமித் தொற்றும் கொண்டுபோயின. மாற்றுக் கல்லீரலின் பலவீனமான இடம் பித்தநாளம்தான் என்று அந்த முன்னோடிகள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். கசிந்தால் வயிற்றைத் திறப்பார்கள், அடைத்தால் வயிற்றைத் திறப்பார்கள். பெரிய அறுவையிலிருந்து இன்னும் தேறாத, எதிர்ப்பு சக்தி மருந்தால் குறைக்கப்பட்ட உடல், இரண்டாவது அறுவையைத் தாங்குவது அரிது.

அதே காலத்தில், கல்லீரல் மாற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு துறையில் ஒரு வழி திறந்துகொண்டிருந்தது. 1968-ல் வாஷிங்டனில் வில்லியம் மெக்கூனின் குழு, எண்டோஸ்கோப்பைக் குடல்வரை செலுத்தி, வாட்டர் முகட்டின் சிறு துளைக்குள் குழலை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்திக் காட்டியது. நுனியில் நேரே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப்புகளை ஜப்பானிய மருத்துவர்களும் கருவி நிறுவனங்களும் சேர்ந்து செம்மைப்படுத்தினார்கள். முகடு குடலின் பக்கச்சுவரில் இருப்பதால் அந்தப் பார்வைக் கோணம் இன்றியமையாதது. இந்த முறைக்குத்தான் இ.ஆர்.சி.பி. என்று பெயர்.

பார்ப்பது மட்டும் போதாது, உள்ளே வேலையும் செய்ய வேண்டுமே. 1974-ல் ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாஸனும் டெம்லிங்கும், ஜப்பானின் கியோட்டோவில் கவாயும், ஒருவரை ஒருவர் சாராமல், மின்கம்பியால் ஓடி தசையை வெட்டி வாயை அகலப்படுத்தினார்கள். 1979-ல் ஹாம்பர்க் நகரில், இந்தோனேசியாவில் பிறந்த நிப் சோஹேந்திரா, அடைபட்ட பித்தநாளத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் குழலை எண்டோஸ்கோப் வழியாகவே வைத்தார். புற்றுநோயால் அடைபட்ட நாளங்களுக்காகத் தொடங்கிய அந்தக் குழல், ஸ்டென்ட் என்ற பெயரில், பின்னாளில் மாற்றுக் கல்லீரல்களைக் காக்கும் கருவியானது.

கசிவு

மாற்று அறுவைக்குப் பிந்தைய முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் வருவது கசிவு. தையல் இடத்தில் கசியலாம். பாதிக் கல்லீரலாக இருந்தால் வெட்டப்பட்ட பரப்பிலிருந்தும் கசியலாம். ஒரு காலத்தில் தையலுக்குள் ஆங்கில 'டி' எழுத்து வடிவிலான ரப்பர்க் குழாயை வைத்து வெளியே எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது; மாதங்கள் கழித்து அதை உருவும்போது அந்தத் துளையில் கசிவு வந்தது. இன்று பல மையங்கள் அதைக் கைவிட்டுவிட்டன.

கசிவுக்கு எண்டோஸ்கோப் செய்யும் சிகிச்சையின் தத்துவம் எளிமையானது. ஓடி தசை இறுக்கமாக இருப்பதால் நாளத்துக்குள் அழுத்தம் குடலைவிட அதிகம். பித்தம் எதிர்ப்பு குறைந்த வழியைத் தேடும். ஓட்டை இருந்தால் அங்கே போகும். தசையைத் தாண்டி ஒரு ஸ்டென்டை வைத்தால் குடலுக்குப் போகும் வழியே மிக எளிய வழியாகிவிடும். பித்தம் அங்கே திரும்பும், ஓட்டை ஈரம் காய்ந்து தானே மூடிக்கொள்ளும். ஓட்டையை ஸ்டென்ட் நேரடியாக மூட வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. நான்கு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலான கசிவுகள் ஆறிவிடுகின்றன. வயிற்றுக்குள் ஏற்கெனவே தேங்கிவிட்ட பித்தத்தை ஸ்கேன் பார்த்து ஊசி வழியாகத் தனியே வடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்துப் பயனில்லை.

குறுக்கம்

பித்தநாளக் குறுக்கத்தில் இரண்டு வகை உண்டு. முதல் வகை தையல் விழுந்த இடத்தில் மட்டும் வரும், நீளம் குறைந்த ஒற்றைக் குறுக்கம். பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் தலைகாட்டும். இதுவே அதிகம், எண்டோஸ்கோப்புக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இதுதான். இரண்டாவது வகை தையலைத் தாண்டி, கல்லீரலுக்குள் பல இடங்களில் வருவது. தமனியில் ரத்தம் உறைந்து அடைபட்டாலோ, கல்லீரல் உடலுக்கு வெளியே ரத்தமின்றி அதிக நேரம் இருந்தாலோ, நாளங்களின் உட்சுவர் முழுவதுமே சிதைந்து இது உண்டாகிறது.

கண்டுபிடிப்பதில்தான் முதல் சிக்கல். மாற்றுக் கல்லீரலுக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. வெட்டிய நரம்புகளை யாரும் தைப்பதில்லை. அதனால் பித்தநாளம் அடைபட்டால் மற்றவருக்கு வரும் வலி இவருக்கு வராமலே போகலாம். மருந்தின் காரணமாகக் காய்ச்சலும் அடங்கியே இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அடைப்புக்கு மேலே நாளம் விரிந்திருப்பதைத் தேடுவது வழக்கம். ஆனால் மாற்றுக் கல்லீரலில் அடைப்பு இருந்தும் நாளம் பெரிதாக விரியாமல் இருக்கலாம். 'ஸ்கேன் நார்மல்' என்பதை வைத்து முடிவெடுத்தால் ஏமாற நேரும். எம்.ஆர்.சி.பி. என்ற காந்த ஸ்கேன் சாயம் எதுவும் செலுத்தாமலே நாளத்துக்குள் உள்ள திரவத்தைப் படமாக்கித் தருவதால், எங்கே, எவ்வளவு நீளத்துக்குக் குறுக்கம் என்று காட்டும். கூடவே டாப்ளர் ஸ்கேனில் தமனி ஓட்டத்தைப் பார்த்தாக வேண்டும். நிராகரிப்பா என்ற ஐயம் எஞ்சியிருந்தால் கல்லீரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன இரு பாதைகள் பிரிவது இங்கேதான்.

குறுக்கம் உறுதியானால் இ.ஆர்.சி.பி. அறைக்குப் போகிறார்கள். கிருமி எதிர்ப்பு மருந்து முன்கூட்டியே கொடுக்கப்படும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு அது கட்டாயம். மயக்கத்தில் இருப்பவரின் வாய்வழியே எண்டோஸ்கோப் இறங்கி, முகட்டைக் கண்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய வழிகாட்டிக் கம்பியைக் குறுக்கத்தின் வழியே மேலே ஏற்றுகிறது. முழுச் சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இந்தக் கம்பிதான். அது கடந்துவிட்டால் மற்ற எல்லாம் அதன்மேலே ஏறிப் போகும். வளைந்து, ஊசித் துளையாகச் சுருங்கிய இடத்தைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இன்று நாளத்துக்குள்ளேயே நுழைந்து நேரில் பார்க்கும் நுண் கேமராக்கள் உள்ளன. எக்ஸ்ரே திரையில் கண்டுபிடிக்க முடியாத வாயைச் சில சமயம் அவை காட்டிக்கொடுக்கின்றன.

கம்பி கடந்ததும் அதன்மேல் பலூனை ஏற்றி, குறுக்கத்தில் வைத்து, ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் விட்டம்வரை ஊதி விரிக்கிறார்கள். திரையில் பலூனின் நடுவே தெரியும் இடுக்கு மெல்ல மறைகிறது. அறுவை நடந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு இதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும், தையல் புதியது என்பதால். பலூன் மட்டும் போதாது. விரித்த தழும்பு விட்டதும் பழையபடி சுருங்கும். மாதக்கணக்கில் அதை விரித்த நிலையிலேயே பிடித்து வைத்தால்தான் அந்த அகலத்திலேயே ஆறிப் படியும். அந்தப் பிடிப்பைத் தருவது ஸ்டென்ட்.

பிளாஸ்டிக் ஸ்டென்டின் விட்டம் சுமார் இரண்டரை முதல் மூன்றரை மில்லிமீட்டர். ஒன்று போதாது. ரோம் நகரில் கோஸ்டமாக்னாவின் குழு 2001-ல் வெளியிட்ட முறை பலரின் வழக்கத்தை மாற்றியது: ஒவ்வொரு முறையும் நாளம் எத்தனை இடம் கொடுக்கிறதோ அத்தனை ஸ்டென்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பழையவற்றை எடுத்துவிட்டு இன்னும் ஒன்று கூட்டி வைப்பது, எக்ஸ்ரேயில் இடுக்கு முற்றிலும் மறையும்வரை தொடர்வது. வேறு அறுவைகளில் காயப்பட்ட நாளங்களுக்காக அவர்கள் சொன்ன இந்த முறை மாற்றுக் கல்லீரலுக்கும் பொருந்தியது. முழுச் சுழற்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

மூன்று மாதம் என்ற கெடு ஏன்? பிளாஸ்டிக்கின் உட்பரப்பில் பாக்டீரியாக்கள் படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்தில் பித்தக் கசடு ஒட்டிக்கொண்டு குழலைச் சிறுகச் சிறுக அடைக்கிறது. மூன்று மாதத்தைத் தாண்டிய ஸ்டென்டை இன்னும் திறந்திருக்கிறது என்று நம்பி விட்டுவைக்கக் கூடாது. அடைபட்ட ஸ்டென்ட், குறுக்கத்தைவிட மோசமான அடைப்பு.

கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் இன்னொரு கோணத்தில் யோசித்தார்கள். ஸ்டென்ட் குடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் குடல் கிருமிகள் அதன்வழியே மேலே ஏறும். ஆகவே ஓடி தசையை வெட்டாமல், ஸ்டென்ட் முழுவதையும் நாளத்துக்குள்ளேயே தள்ளி வைத்து, அதில் கட்டிய நூலை மட்டும் குடலில் தொங்கவிட்டார்கள். எடுக்க வேண்டியபோது நூலைப் பிடித்து இழுத்தால் போதும். உயிருள்ளவர் தானமளித்த கல்லீரல்களுக்கு ஜப்பானில் இந்த முறை பரவலாகப் பயன்படுகிறது.

உலோக வலை

ஓராண்டில் நான்கு, ஐந்து முறை இ.ஆர்.சி.பி. என்பது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எளிதல்ல. அதைக் குறைக்க வந்தது தானே விரியும் உலோக வலை ஸ்டென்ட். மெல்லிய உறையிட்ட அந்த வலை, சுருட்டிய நிலையில் உள்ளே போய், எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் விட்டத்துக்கு விரிந்துகொள்கிறது. மூன்று பிளாஸ்டிக் குழல்கள் செய்யும் வேலையை ஒன்றே செய்யும். உறை இருப்பதால் திசு வலைக்குள் வளர்ந்து சிக்காது. மாதங்கள் கழித்தும் முழுதாக உருவி எடுக்கலாம்.

2016-ல் அமெரிக்க மருத்துவ இதழான 'ஜாமா'வில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. புற்றுநோய் அல்லாத குறுக்கம் உள்ள 112 பேர். அவர்களில் பெரும்பாலோர் கல்லீரல் மாற்றுப் பெற்றவர்கள். ஓராண்டுக்குள் குறுக்கம் நீங்கியவர்கள் உலோக வலையில் 92.6 சதவீதம், பல பிளாஸ்டிக் குழல்களில் 85.4 சதவீதம். பலனில் உலோகம் சளைத்ததல்ல என்று நிறுவுவதே ஆய்வின் நோக்கம், அது நிறைவேறியது. நோயாளிக்கு இன்னும் முக்கியமான எண் வேறு. உலோக வலை வைத்தவர்களுக்குச் சராசரியாக 2.14 முறையே இ.ஆர்.சி.பி. தேவைப்பட்டது, பிளாஸ்டிக் வைத்தவர்களுக்கு 3.24 முறை.

ஆனாலும் உலோக வலை எல்லாருக்கும் ஏற்றதல்ல. நாளம் போதிய அகலம் இருக்க வேண்டும். அந்த ஆய்விலேயே ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த நாளங்கள் சேர்க்கப்படவில்லை. குறுக்கம் கிளை பிரியும் இடத்துக்கு அருகில் இருந்தால், ஒரு கிளைக்கு விரித்த வலையின் உறை பக்கத்துக் கிளையின் வாயை மூடிவிடும். வலை இடம் நழுவிக் குடலுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. உயிருள்ளவரிடமிருந்து பெற்ற வலப் பாதியில் தையல் கிளைகளிலேயே இருப்பதால், பிளாஸ்டிக் குழல்களே இன்றும் முதல் தேர்வாக நீடிக்கின்றன. பலனிலும் வேறுபாடு உண்டு. முழுக் கல்லீரல் பெற்றவர்களின் தையல் குறுக்கம் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு எண்டோஸ்கோப்பிலேயே தீர்கிறது. பாதிக் கல்லீரல் பெற்றவர்களில் அது பத்துக்கு ஆறு, ஏழு. கல்லீரலுக்குள் பல இடங்களில் வரும் இரண்டாவது வகைக் குறுக்கத்தில் பாதிப் பேருக்கே பலன் நிலைக்கிறது. மற்றவர்களில் சிலருக்கு மறுபடியும் கல்லீரல் மாற்றே வழியாகிறது.

வாயில் எட்டாதபோது

சிலருக்கு நாளத்தோடு நாளத்தைத் தைக்க முடியாது. பிறவியிலேயே பித்தநாளம் இல்லாத குழந்தைகளுக்கு அப்படித்தான். அவர்களுக்குச் சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு தைக்கிறார்கள். வழக்கமான எண்டோஸ்கோப் அந்த நீண்ட சுற்றுவழியைக் கடந்து போக எட்டாது. 2001-ல் ஜப்பானின் ஹிரோனோரி யமமோட்டோ அறிமுகப்படுத்திய இரட்டைப் பலூன் எண்டோஸ்கோப், குடலைச் சிறுகச் சிறுக மடித்துக் கோத்துக்கொண்டு முன்னேறி அந்த இணைப்பை எட்டுகிறது. எட்டாவிட்டால் விலா எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, கல்லீரல் வழியாக மேலிருந்து நாளத்தை அடையலாம். வயிற்றுக்குள் இருந்தபடியே ஒலி அலைகளால் நாளத்தைப் பார்த்து, சுவரைத் துளைத்து வழி அமைக்கும் எண்டோஸ்கோப்புகளும் வந்துவிட்டன.

குறுக்கம் முற்றிலும் மூடி, தலைமுடி அளவு வழிகூட இல்லாமல் போனவர்களுக்கு ஜப்பானிலும் கொரியாவிலும் வளர்ந்த ஒரு முறை வியப்பூட்டுவது. ஒரு சிறு காந்தத்தைத் தோல் வழியாக மேலிருந்து அடைப்பின் விளிம்புவரை கொண்டுவருகிறார்கள். இன்னொன்றை எண்டோஸ்கோப் வழியாகக் கீழிருந்து கொண்டுபோகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து நடுவிலுள்ள தழும்பை நசுக்குகின்றன. சில வாரங்களில் நசுங்கிய திசு அழிந்து, அங்கே புதிய வழி பிறக்கிறது. பிறகு அதில் ஸ்டென்ட் வைத்து அகலப்படுத்துகிறார்கள்.

நோய் வராமல் தடுக்கும் முயற்சியும் பலன் தருகிறது. 2021-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையிலான ஆய்வு வெளியானது. இதயம் நின்றபின் தானம் அளித்தவர்களின் கல்லீரல் 156 பேருக்கு வைக்கப்பட்டது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கம்போல் பனிக்கட்டியில் வைத்த கல்லீரல். மறுபாதிக்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த திரவத்தை இயந்திரத்தால் அதன் ரத்தக்குழாய்களில் ஓடவிட்ட கல்லீரல். கல்லீரலுக்குள் வரும், அறிகுறி காட்டும் குறுக்கம் முதல் பிரிவில் 18 சதவீதமாக இருந்தது. இரண்டாம் பிரிவில் 6 சதவீதமாகக் குறைந்தது. பித்தநாளத்தின் விதி ரத்த ஓட்டத்தில் எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆபத்துகளும் எச்சரிக்கைகளும்

இ.ஆர்.சி.பி. எளிய சிகிச்சை அல்ல. பித்தநாளமும் கணைய நாளமும் ஒரே முகட்டில் திறப்பதால், அங்கே கருவி பட்டால் கணையம் அழற்சி கொள்ளலாம். 2012-ல் வெளியான, அதிக ஆபத்துள்ள 602 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆசனவாய் வழியே வைக்கும் இண்டோமெத்தாசின் என்ற மலிவான மாத்திரை அந்த அழற்சியை 16.9 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாகக் குறைத்தது. ரத்தக் கசிவு, குடலில் துளை, கிருமித் தொற்று ஆகியவையும் நேரக்கூடும். இந்த எண்டோஸ்கோப்பின் நுனியில் உள்ள சிறு நெம்புகோலைச் சுத்தம் செய்வது கடினம் என்பதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பரவக்கூடும் என்று 2015-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மாற்றுக் கல்லீரல் பெற்றவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு முக்கியம். கருவியைச் சுத்தம் செய்யும் ஊழியரின் வேலை மருத்துவரின் வேலைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இத்தனை கருவிகளும் ஆய்வுகளும் இருந்தும் நோயாளிகளை நாம் இழப்பது பெரும்பாலும் எளிய காரணங்களால். ஸ்டென்ட் வைத்ததும் மஞ்சள் இறங்கிவிடும், அரிப்பு நின்றுவிடும், பசி வந்துவிடும். உடம்பு நன்றாக இருக்கிறதே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பயணச் செலவு இருக்கிறது, பிள்ளைகளின் பரீட்சை இருக்கிறது, அறுவடை இருக்கிறது. மூன்று மாதம் ஆறாகும், ஆறு பத்தாகும். பிறகு ஓர் இரவு நடுங்கும் குளிர்க் காய்ச்சலோடு ரத்தத்தில் கிருமி கலந்த நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிவருவார்கள். சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது பாதியில் நிறுத்தப்பட்ட சிகிச்சை.

ஆகவே கல்லீரல் மாற்றுச் செய்துகொண்டவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் சில வேண்டுகோள்கள். ஸ்டென்ட் வைத்த தேதி, எத்தனை ஸ்டென்ட், எந்த வகை, எடுக்க வேண்டிய தேதி ஆகிய நான்கையும் வீட்டு நாட்காட்டியிலும் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலும் எழுதிவையுங்கள். வலி இல்லை என்பதால் நலம் என்று நினைக்காதீர்கள்; ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். குளிர்க் காய்ச்சல், அடர்நிறச் சிறுநீர், வெளுத்த மலம், தோலில் அரிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் மாற்று மையத்தை அழையுங்கள். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். மாற்றுக் கல்லீரலுக்கு அதைச் செய்யாதீர்கள். அடைபட்ட குழாயை எந்த மூலிகையும் திறக்காது. எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தின் அளவையும் அது குழப்பக்கூடும். அந்த மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

ஊரில் முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கும் ஒன்று. மாற்றுக் கல்லீரலோடு வருபவரின் ஸ்கேன் நார்மல் என்றாலும், உயர்ந்த ஆல்கலைன் பாஸ்ஃபடேஸைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரை அவருடைய மையத்துக்கு அனுப்பிவையுங்கள். குறித்த தேதியில் மாற்றப்படும் ஸ்டென்ட், யாரோ ஒருவர் தன் உடலிலிருந்து கொடுத்த கல்லீரலை இன்னும் பல ஆண்டுகள் காக்கும்.